கரண்டு பில் பூஜ்யம், கவலையும் பூஜ்யமா?

கர்நாடக அரசின் ‘கிருக ஜோதி’ திட்டத்தின்படி வீடுகளுக்கு வரும் கரண்டு பில்லில் பூஜ்யம் விழத் தொடங்கியது 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்ற செய்தியைக் கேட்டு ஊரில் உள்ள சொந்தபந்தங்கள் பொறாமைப்பட்டார்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம். “பெங்களூர்க்காரர்களுக்கு யோகம்தான்” என்று பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களிடம் எல்லோரும் சொன்னார்கள்.

யோகம் என்பது உண்மைதான். தினக்கூலிக்கு வேலை பார்க்கும் குடும்பத்துக்கு மாதம் 600 ரூபாயோ 800 ரூபாயோ மிச்சமாவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்த 200 யூனிட்டுக்குக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பது ஸ்ரீராமபுரத்திலும், ஓகலிபுரத்திலும், அல்சூரிலும், சிவாஜிநகரிலும் வாடகைக்குக் குடியிருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. பில்லில் பூஜ்யம் வந்தது முதல் மீட்டரைத் திரும்பிப் பார்க்கிற வழக்கமும் போய்விட்டது. ஒரு மாதம் திடீரென்று ஆயிரத்துச் சொச்சம் பில் வரும்போதுதான், “கவர்மெண்டு இலவசத்தை நிறுத்திவிட்டதா?” என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள்.

அரசு நிறுத்தவில்லை. அந்த வீடுதான் சுவரைத் தாண்டிவிட்டது.

சுவர் எங்கே இருக்கிறது?

எல்லோருக்கும் 200 யூனிட் இலவசம் என்று நினைப்பது முதல் தவறு. 2022-23-ம் ஆண்டில் அந்த மீட்டரில் மாதம் சராசரியாக எத்தனை யூனிட் ஓடியதோ, அதோடு 10 சதவீதம் கூட்டி வருகிற எண்ணிக்கைதான் அந்த வீட்டுக்கு இலவசம். சராசரி 100 என்றால் 110 இலவசம். 130 ஓடினால், கூடுதலான 20 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். 200-க்குள் இருக்கிற வரையில் இந்தக் கணக்கு.

200-ஐத் தாண்டினால் கதை வேறு. 201 யூனிட் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்க மாட்டார்கள். 201 யூனிட்டுக்கும் சேர்த்து, நிலைக்கட்டணமும் வரியும் போட்டு, முழு பில் வந்து நிற்கும். யூனிட் சுமார் 6 ரூபாய் என்று வைத்தாலே 1,200 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தக் கடைசி ஒரு யூனிட் என்பது ஒருவர் மறந்துபோய் அரை மணி நேரம் கீசரைப் போட்டுவைத்த மின்சாரம். அதன் விலை ஆயிரம் ரூபாய்! ஊரில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை யூனிட் ஓடினாலும் முதல் 100 யூனிட் இலவசமாகவே நிற்கும். ஊர்ப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு பெங்களூர் பில்லைப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

திட்டத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2022-23-ல் விளக்கை அணைத்து அணைத்து, மாதம் 50 யூனிட்டில் குடும்பம் நடத்திய வீட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 55 யூனிட் சலுகை. அதே ஆண்டில் கவலையில்லாமல் 180 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 198 யூனிட் சலுகை. சிக்கனமாக இருந்தவருக்குக் குறைவு, தாராளமாக இருந்தவருக்கு நிறைவு. பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்த பையனுக்கு மிட்டாய் கொடுத்து, ஒழுங்காக உட்கார்ந்திருந்த பையனை வெறும் கையோடு அனுப்புவது போன்ற கணக்கு இது. இலவசம் கொடுப்பது தவறு என்று சொல்வதற்கில்லை. எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுத்து, அதற்குக் கீழே மிச்சப்படுத்துகிறவருக்கு ஏதாவது ஒரு சலுகை வைத்திருந்தால், பெங்களூரில் லட்சக்கணக்கான வீடுகளில் சுவிட்சு அணைந்திருக்கும்.

அரசு கணக்கை மாற்றும்போது மாற்றட்டும். அதுவரை சுவருக்கு இந்தப் பக்கத்திலேயே இருப்பது எப்படி என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் பெருக்கல் கணக்கு.

நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ரூம், ஹால், சமையலறை. தனி மீட்டர். இரண்டு பழைய மின்விசிறிகள், தலா 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடுகின்றன. மாதம் 45 யூனிட். மூன்று பழைய டியூப் லைட்டுகள். சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 55 வாட் இழுக்கும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 25 யூனிட். பிரிட்ஜ் 30 யூனிட். டி.வி. ஐந்து மணி நேரம், அதற்குக் கீழே ராத்திரி பகலாக உயிரோடு இருக்கும் செட்-டாப் பெட்டி, இரண்டும் சேர்ந்து 18 யூனிட். மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம் எல்லாம் சேர்ந்து ஒரு 10 யூனிட். இதுவரை 128. இன்னும் குளிக்கவில்லை. நாலு பேருக்கும் நாலு வாளி வெந்நீர், 1,500 வாட் ஹீட்டர் ராடு போட்டு, வாளிக்கு 25 நிமிடம். மாதம் 75 யூனிட்.

மொத்தம் 203! ஏ.சி. கிடையாது, ஆடம்பரம் கிடையாது. ஆனாலும் சுவர் தாண்டிவிட்டது.

வெந்நீர்க் கணக்கு

சென்னையிலும் மதுரையிலும் கரண்டு பில்லைத் தீர்மானிப்பது மின்விசிறியும் ஏ.சி.யும். பெங்களூரில் தீர்மானிப்பது வெந்நீர். மார்கழியில் மட்டுமல்ல, ஆடி மாதத்துச் சாரலிலும் இங்கே பச்சைத் தண்ணீரில் குளிக்க மனசு வருவதில்லை. ஆகவே சிக்கனம் என்று பேச வந்தால் முதலில் பேச வேண்டியது குளியலறையைப் பற்றித்தான்.

18 லிட்டர் வாளித் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டிய மின்சாரம் 0.42 யூனிட். குளிப்பதற்கு 42 டிகிரியே தாராளம். 1,500 வாட் ராடு இதை 17 நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் வீட்டில் நடப்பது என்ன? ராடைப் போட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போகிறார். பையன் படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்கிறான். அரை மணி கழித்துப் பார்த்தால் வாளியில் ஆவி பறக்கிறது. கை வைக்க முடியாத வெந்நீரில் இன்னும் அரை வாளி பச்சைத் தண்ணீரை விளாவிக் குளிக்கிறார்கள். அதிகமாகச் சூடாக்கி, அதிகமாகத் தண்ணீரும் செலவழித்து, இரண்டு நஷ்டம். வாளிக்கு 25 நிமிடம் என்பதை 17 நிமிடமாக்கினால் 75 யூனிட் 51 ஆகிவிடும். செலவு ஒன்றும் இல்லை. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டால் போதும்.

ராடு விஷயத்தில் சிக்கனத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இரும்பு, அலுமினிய வாளியில் ராடு போடக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு வந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும்.

கீசர் உள்ள வீட்டில் வேறு தொல்லை. 15 லிட்டர் கீசரை ஒரு தடவை 60 டிகிரிக்கு மேல் சூடாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். நாலு பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் அந்தச் சூடு வீணாகாது. அப்பா ஆறு மணிக்கும், பிள்ளைகள் ஏழரைக்கும், அம்மா பத்து மணிக்கும் குளிப்பதாக இருந்தால், இடையிடையே ஆறுகிற தண்ணீரைக் கீசர் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் சுவிட்சு போட்டபடியே விட்டால், ஒருவரும் குளிக்காமலேயே அரை யூனிட் போய்விடும். மாதத்துக்கு 15 யூனிட். கீசரின் அடியில் சூட்டைக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கிறது. அதைக் கடையில் வைத்து விற்ற நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 50 டிகிரிப் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைப்பதில் பெங்களூர் பெயர்பெற்ற ஊர். புதிதாகக் கட்டிய வீடுகளின் மாடியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தக் குழாய் பெரும்பாலும் வீட்டுக்காரர் குடியிருக்கும் மாடியோடு நின்றுவிடுகிறது. கீழ்த்தளத்து வாடகைக்காரருக்கு ராடுதான். குழாய் கீழே வரை வந்தாலும், மாடியிலிருந்து இறங்கும் குழாயில் நிற்கும் நாலைந்து லிட்டர் ஆறிய தண்ணீர் முதலில் வரும். அதைச் சாக்கடையில் விடாமல் வாளியில் பிடித்து வைத்தால் பாத்திரம் கழுவ, துணி அலச உதவும். வீடு பார்க்கும்போது “கார்ப்பரேஷன் தண்ணி வருதா?” என்று கேட்கிற தமிழர்கள், “சோலார் வெந்நீர் கீழே வருதா?” என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். மாதம் 50 யூனிட் விஷயம் அது.

கிரைண்டர் மேல் பழி

வாடகை வீடுகளில் அதிகம் திட்டு வாங்கும் சாதனம் கிரைண்டர். “தமிழ்க்காரர்கள் தினம் மாவரைத்துக் கரண்டைத் தின்கிறார்கள்” என்று குறைப்படும் வீட்டுக்காரர்கள் உண்டு. பாவம், கிரைண்டருக்கு இந்தப் பழி தகாது. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு ஒரு யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இராது. வாரம் மூன்று தடவை மாவரைத்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட் ஆகாது. சத்தம் போடுவதால் அதன் மேல் எல்லோருக்கும் கண். சத்தமே போடாத ராடு, ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போல ஐந்தாறு மடங்கு குடித்துவிட்டுச் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

செல்போன் சார்ஜரும் இப்படித்தான். அதைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் சண்டை நடக்கும். மாதம் முழுவதும் ஒரு போனுக்குச் சார்ஜ் ஏற்றினால் ஒரு யூனிட் தேறாது. ஆனால் டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது, கீழே செட்-டாப் பெட்டி எரிந்துகொண்டே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தால் மாதம் ஆறு ஏழு யூனிட் மிச்சம்.

மின்விசிறியில் இப்போது பெரிய மாறுதல் வந்திருக்கிறது. 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதிலாக, பி.எல்.டி.சி. என்ற மோட்டார் வைத்த விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரையும் கட்டாயமாகிவிட்டது. விலைதான் யோசிக்க வைக்கும். சாதாரண விசிறியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தினம் 10 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் 13 யூனிட் மிச்சமாகும். காசு கொடுத்து யூனிட் வாங்குகிறவருக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆனால் பூஜ்ய பில் வாங்குகிறவருக்கு உடனே கைக்குக் காசு ஒன்றும் வராது. இதை மறைத்துப் பேசுவது சரியல்ல. 180-க்கும் 200-க்கும் நடுவில் ஊசலாடுகிற வீட்டுக்குத்தான் இது அவசரம். மற்றவர்கள் பழையது கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும். விசிறியைப் பொறுத்தவரை வாடகைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சுவரில் பெரிய பெட்டி போலிருக்கும் பழைய ரெகுலேட்டர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. விசிறியின் வேகத்தைக் குறைத்தாலும் அது மிச்சத்தை வெப்பமாக வீணடிக்கும். அதை மாற்றச் செலவு அதிகமில்லை.

விளக்கைப் பற்றி நீட்டி எழுத அவசியமில்லை. 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. பல்பின் விலை சரிந்து, குண்டு பல்பு அநேகமாக மறைந்துவிட்டது. சோக் வைத்த பழைய டியூப் லைட்தான் இன்னும் வாடகை வீடுகளில் தொங்குகிறது. 55 வாட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. டியூப் போட்டால் 25 யூனிட் 9 யூனிட்டாகும்.

மேலே சொன்ன குடும்பத்துக்கு இப்போது கூட்டிப் பார்க்கலாம். வெந்நீர் 51, விசிறி 18, பிரிட்ஜ் 30, விளக்கு 9, டி.வி. 11, மற்றவை 10. மொத்தம் 129. 203 யூனிட் ஓட்டிய அதே நாலு பேர், அதே வெந்நீரில் குளித்து, அதே சீரியல் பார்த்து, 74 யூனிட் குறைத்துவிட்டார்கள்.

இந்த 74 யூனிட் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கலாம். கர்நாடகத்தில் பகலில் சூரிய மின்சாரம் நிறைய உண்டு. தும்கூர் மாவட்டம் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவே இருக்கிறது. மழை நன்றாகப் பெய்தால் சராவதியும் கை கொடுக்கும். ஆனால் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கும் டி.வி.யும் எரிகிற மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை சூரியன் இல்லை. மழை பொய்த்த 2023-ல் மாநிலம் மின்சாரத்துக்குத் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் ராய்ச்சூர் அனல் மின் நிலையம் போன்றவைதான் தாங்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நிலக்கரி பக்கத்தில் விளைவதில்லை. தெலங்கானாவின் சிங்கரேணி போன்ற சுரங்கங்களிலிருந்து 58 வேகன் கோத்த சரக்கு ரெயில்களில் வருகிறது. மாதம் 74 யூனிட் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 888 யூனிட். நிலக்கரியில் சொன்னால் 600 கிலோவுக்கு மேல். நூறு குடும்பங்கள் சேர்ந்தால் சரக்கு ரெயிலில் ஒரு முழு வேகன் குறையும். ஸ்ரீராமபுரத்தில் இரண்டு தெருக்களைச் சேர்த்தாலே நூறு குடும்பம் தேறிவிடும். இஸ்திரி போடுவதையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் பகல் நேரத்துக்குத் தள்ளிக்கொள்ள முடிந்தவர்கள் தள்ளிக்கொண்டால், அதே யூனிட்டுக்கு நிலக்கரி இன்னும் குறையும்.

பெங்களூர்த் தமிழருக்கு மின்சாரத்தோடு உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1902-ல் காவிரியின் சிவனசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் தொடங்கியபோது, அந்த மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல். அந்த மின்சாரம் ஓட்டிய எந்திரங்களோடு பூமிக்கடியில் இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்க் கூலிகள். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் தினமும் விடிகாலையில் ரெயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள்.

பில்லில் வராத மின்சாரம்

அந்தக் காவிரிதான் இன்று குழாயிலும் வருகிறது. இதில் ஒரு மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றித்தான் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள். ஆயிரம் லிட்டரை அத்தனை உயரம் தூக்க, ஏட்டுக் கணக்குப்படியே ஏறத்தாழ 1.4 யூனிட் வேண்டும். பம்பிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இரண்டு யூனிட்டை நெருங்கும். தினம் 500 லிட்டர் செலவழிக்கும் குடும்பம், தன் மீட்டரில் காட்டாத 30 யூனிட்டை ஒவ்வொரு மாதமும் குழாய் வழியாகச் செலவழிக்கிறது.

2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மார்ச்சு மாதம் குடிநீரில் கார் கழுவினாலும் செடிக்கு விட்டாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதலாக வரும் என்றதும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அத்தனையும் பம்பு செய்து வருகிற தண்ணீர். சொட்டுகிற குழாய்க்கு ஒரு வாஷர் போடுவது வீட்டுக்காரர் வேலை என்று ஆறு மாதம் காத்திருப்பதைவிட, பத்து ரூபாய் கொடுத்துப் போட்டுவிடுவது மேல்.

சமையல் எரிவாயுவைப் பற்றி வீட்டில் உள்ள பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் குறித்துவைப்பவர்கள் அவர்கள்தான். இந்த ஊருக்கென்று ஒன்று மட்டும் சொல்லலாம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால், இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஊரில் திறந்த பாத்திரத்தில் வேகும் பருப்பு இங்கே வேக நேரமாகும். குக்கரும், பருப்பை முன்னதாக ஊறவைப்பதும் இந்த ஊரில் கூடுதல் லாபம். சிலிண்டரை மிச்சப்படுத்த இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிறவர்கள் அது 2,000 வாட் இழுக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மிச்சம் பிடித்து மறுபக்கம் 200-ஐத் தாண்டினால் லாபமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, “எங்கள் வீட்டில் தனி மீட்டரே இல்லையே, நாங்கள் மிச்சம் பிடித்து யாருக்கு லாபம்?” என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. பெங்களூரில் வாடகைக்காரரின் உண்மையான தொல்லை இதுதான். நாலு குடித்தனம் உள்ள கட்டடத்தில் அரசு மீட்டர் ஒன்றே ஒன்று. நாலு வீடும் சேர்ந்தால் 200 எப்படிப் போதும்? நாலு பேரும் எத்தனை சிக்கனமாக இருந்தாலும் சலுகை கிடையாது. உள்ளே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வசூலிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். பில் பூஜ்யமாக வந்த மாதத்திலும் வாடகைக்காரரிடம் காசு வாங்கியதாகப் புகார்கள் உண்டு. உரிமம் இல்லாமல் மின்சாரத்தை வாங்கி விற்கும் வியாபாரத்தை 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பேசினால் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சிக்கனத்தைப் பற்றி வானொலியில் விளம்பரம் செய்யும் அரசு, இந்தப் பயத்தைத் தீர்க்க என்ன செய்திருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

தனி மீட்டர் உள்ளவர்களிலும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மாடிப்படி விளக்கும், சில சமயம் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் கீழ்த்தளத்து வாடகைக்காரரின் மீட்டரில் இணைந்திருக்கும். கண்டுபிடிக்க மின்வாரியத்து ஆள் வேண்டாம். வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னும். எல்லாம் அணைந்த பிறகும் அது மின்னிக்கொண்டே இருந்தால், யாரோ ஒருவருக்கும் சேர்த்து அந்த மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். மாடியில் மோட்டார் போடும்போது இன்னொரு முறை பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் 20, 30 யூனிட் போகும். சுவரைத் தாண்ட அதுவே போதும்.

வாடகைக்காரரும் ‘சேவா சிந்து’ மூலம் தம் பெயரில் கிருக ஜோதிக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பில்லில் உள்ள ஆர்.ஆர். எண், ஆதார், வாடகை ஒப்பந்தம் இருந்தால் போதும். வீடு மாறும்போது பழைய ஆர்.ஆர். எண்ணிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளும் வசதி 2024-ல் வந்தது. அதைச் செய்யாமல் போனவர்கள் புது வீட்டில் முழு பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மனு எல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தயங்குகிறவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிரண்டு மணி நேரம் உட்கார்ந்து இதை நிரப்பிக் கொடுக்கப் படித்த இளைஞர்கள் ஒவ்வொரு பகுதியிலும் முன்வந்தால் நல்லது. தமிழர் அமைப்புகள் பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு போதும்.

தனி மீட்டர் கேட்டு மனுக் கொடுக்கக் குடியிருப்பவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. குடிபுகும் சான்றிதழ் இல்லாத கட்டடங்களுக்கு இணைப்புத் தருவது பற்றி 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்த பிறகு, 2025-ல் பல கட்டடங்களுக்குப் புது மீட்டர் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. ஆகவே மீட்டர் இருக்கிறதா, அது ஒருவருக்கா நாலு பேருக்கா, மோட்டார் எதில் ஓடுகிறது என்பதையெல்லாம் அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் வீட்டுக்காரர் பதில் சொல்ல மாட்டார்.